பண்டிகைக் காலத்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு வருஷம் டாரஸ் என்கிற கனரக லாரி ஓட்டினேன். முதுகு ஒத்துழைக்காததால் இப்போது சத்துவாச்சாரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கல், தீபாவளி, கார்த்திகை தீபம், கோடை விடுமுறை என்று வந்துவிட்டால் லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வேலூர் என்று நான் சொன்னால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம் சேர்த்துத்தான். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், ஆனால் லாரிக்கு அது தெரியாது.

அதே ரோடுதானே, பண்டிகைக்கு என்ன புதிதாக மாறிவிடுகிறது?

ரோடு அதேதான். அதில் வருகிறவர்கள் வேறு. பொங்கலுக்கு முந்தைய இரண்டு ராத்திரியும் என்.எச். 48-இல் நின்று பாருங்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாக ஊருக்கு வருகிற பைக்குகள்: முன்னால் பெட்ரோல் டேங்க்மேல் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை. சென்னைப் பக்கமிருந்து வருகிற கார்களில் பாதிப்பேர் நகரத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகியவர்கள். லாரிக்கு இடப் பக்கம் டிரைவர் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் நாம் ஓட்ட வேண்டும்.

அடுத்தது சுங்கச்சாவடி. வாலாஜா பக்கம் சென்னசமுத்திரம், அப்புறம் பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று மூன்றிலும் வரிசை நீண்டுவிடும். விபத்து அந்த வரிசையின் வாலில்தான் காத்திருக்கும். லோடு ஏற்றிய வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி முழுசாக நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். ரோடு நனைந்திருந்தால் இன்னும் கூடும். அதனால் சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே காலை எடுத்துவிடுங்கள். வரிசை தெரிந்ததும் நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டு விடுங்கள், பின்னால் வருகிறவன் விழித்துக்கொள்வான்.

பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், "விடியறதுக்குள்ள இறக்கணும்" என்கிறார். மறுத்தால் லோடு போய்விடும். என்ன செய்வது?

இதுதான் மற்ற எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. நான் பார்த்த வரையில் பண்டிகை நேரத்து விபத்துக்குப் பாதி விதை, வண்டி கிளம்புவதற்கு முன்னால், "சரிண்ணே, வந்துடறேன்" என்று நாம் சொல்கிற இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூரு ஏறக்குறைய 210. சாதாரண நாளில் மணிக்கு 40 கணக்குப் போட்டால் பண்டிகைக்கு 25, 30 போடுங்கள். அதன்மேல் லோடு ஏற்றுகிற நேரம். பண்டிகைக்கு முன் மண்டியில் கூலியாள் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் இழுக்கும். அந்த ஐந்து மணி நேரமும் நீங்கள் விழித்திருக்கிறீர்கள். ஆனால் பார்ட்டியின் கணக்கில் நீங்கள் வேலையைத் தொடங்கியதே வண்டி கிளம்பியபோதுதான்.

நேரத்தைப் பேசும்போது "எட்டு மணிக்கு ஏற்றி முடித்தால் விடிய இறக்குவேன், பன்னிரண்டு ஆனால் மத்தியானம்தான்" என்று நிபந்தனையோடு பேசுங்கள். புரோக்கர் முன்னால் பேசுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து சொல்கிறேன்: முன்கூட்டியே சொல்கிற டிரைவர்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. வராமல் இருந்துவிட்டுப் போனையும் எடுக்காதவர்மேல்தான் வரும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்று 1961-இல் வந்த சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் அரை மணி ஓய்வு என்று அளவு வைத்தது. அதை எந்த முதலாளியும் சுவரில் எழுதி மாட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரம், அரை மணி ஓய்வு என்கிற அளவு உடம்புக்குச் சரியான அளவு.

தூக்கம் வந்தால் டீ குடித்து முகம் கழுவினால் போதாதா?

போதாது. ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, பாக்கு மெல்லுவது, கிளீனரைப் பேசச் சொல்வது எல்லாம் பத்து நிமிஷம் தாங்கும். அதற்குள் நிறுத்துகிற இடம் தேடுவதற்குத்தான் அவை உதவும்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு பொங்கல் சமயம், பெங்களூருக்குக் கரும்பு லோடு. முந்தின நாள் தூங்கவில்லை. பள்ளிகொண்டா சாவடியில் காசு கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகத்தில் இருப்பது, கிளீனர் பையன் "ணா! ணா!" என்று கத்திக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததும், இடது சக்கரம் மண்ணில் இறங்கித் தடதடத்ததும்தான். மாதனூர் வந்திருந்தது. நடுவில் அத்தனை கிலோமீட்டரை யார் ஓட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண் திறந்துதான் இருந்திருக்க வேண்டும்.

அதனால் கொட்டாவியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். கடைசியாகத் தாண்டிய ஊர்ப் பலகை ஞாபகம் வரவில்லையா, கியர் மாற்றத் தாமதமாகிறதா, வண்டி கோட்டை மிதிக்கிறதா, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கையே வெறித்துப் பார்க்கிறீர்களா, உடனே இடம் பாருங்கள். 60-இல் போகும்போது நாலு விநாடி கண் செருகினால் 66 மீட்டர் போய்விடும். ஆறு டாரஸ் வரிசையாக நிற்கிற தூரம்.

செய்ய வேண்டியது இது: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு, அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க அரை மணி போல ஆகும், நீங்கள் எழுந்திருக்கவும் அது ஏறவும் சரியாக இருக்கும். எழுந்ததும் சாவி போடாதீர்கள். இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். தூங்கி எழுந்த மந்தம் போகப் பத்துப் பதினைந்து நிமிஷம் வேண்டும்.

இந்த இருபது நிமிஷத் தூக்கமும் ஒரு கைமாற்றுக் கடன்தான். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குச் சாயும். அந்த மூன்று மணி நேரத்தை முழுசாகத் தூங்கிக் கழித்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்புகிறவர், விடிய விடிய ஓட்டினவரைவிட மிஞ்சிப்போனால் மூன்றரை மணி நேரம்தான் தாமதமாகப் போய்ச் சேருவார்.

எங்கே நிறுத்திப் படுப்பது?

பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கிற பெரிய ஓட்டல், நெடுஞ்சாலையில் லாரிக்கென்றே விட்டிருக்கிற ஒதுக்கிடம். ரோட்டோர வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோமே என்று நிம்மதியாகப் படுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வருகிற கார்க்காரர் உங்கள் பின்விளக்கைப் பார்த்து, அதுதான் ரோடு என்று நினைத்து நேராக வருவார். நிற்கிற லாரியின் பின்னால் கார் புகுந்த படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

கேபினுக்குள் கொசுவத்தியும் காஸ் அடுப்பும் வேண்டாம். டீசல் டேங்குக்குப் பூட்டுப் போடுங்கள். பேட்டா பணம் சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

வண்டி நடு ரோட்டில் பிரேக்டவுன் ஆகிவிட்டால்?

முடிந்தவரை இடது ஓரம் தள்ளி நிறுத்தி, நாலு இண்டிகேட்டரும் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் நாற்பது ஐம்பது அடியில் வைத்துப் பயனில்லை. குறைந்தது 50 மீட்டர், ராத்திரியிலும் வளைவிலும் 100 மீட்டர் நடந்துபோய் வையுங்கள். நடக்கும்போது வருகிற வண்டியைப் பார்த்தபடி, கையில் டார்ச்சோடு. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள், கம்பித் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

கல்லும் மரக்கிளையும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பலகை இல்லாதபோது வேறு வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே, அதற்கு மன்னிப்பே கிடையாது. அதே கல்லில் விடியற்காலையில் ஒரு பால்காரர் பைக் ஏறும்.

கிளம்புமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் அவசரத்தில் விட்டுப்போகிற மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, உள் டயர். ஜோடி டயரில் வெளியே இருப்பதை எல்லோரும் பார்ப்போம், உள்ளே இருப்பது காற்றிறங்கிக் கிடந்தாலும் தெரியாது. லிவரால் தட்டுங்கள். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், இறங்கியிருந்தால் மொத்தென்று உட்காரும். இரண்டு டயருக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு, பின்விளக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும். ஈரத்துணியால் துடைக்க இரண்டு நிமிஷம். மூன்று, கயிறு. லோடு ரோட்டில் குலுங்கிப் படியும், அதனால் முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள்.

கரும்பு ஏற்றும்போது நுனி பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பாடிக்கு வெளியே லோடு நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்தில் வந்துவிட்டது. அபராதம் கிடக்கட்டும், இருட்டில் அந்தக் கரும்பு நுனி பைக்கில் வருகிறவன் முகத்து உயரத்தில் இருக்கிறது.

போகி அன்று காலையில் ஒன்றுமே தெரிவதில்லையே?

மார்கழிப் பனியோடு போகிப் புகை சேர்ந்தால் பாலாற்றங்கரை ஊர்களிலும் சென்னையை நெருங்க நெருங்கவும் முன்னால் போகிற வண்டி திடீரென்று காணாமல் போகும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், டிம்மில் வையுங்கள். இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். கோடும் தெரியாவிட்டால் ஒரு பங்க்கில் ஒதுங்கி எட்டு மணி வரை உட்காருங்கள், வெயில் ஏறினால் தானாகக் கலையும்.

மாடு விடும் திருவிழா நடக்கிற ஊர்களைத் தாண்டுவது எப்படி?

வெளி மாவட்ட டிரைவர்களுக்கு இது புதிது. தை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ஊரில் காளை விடுவார்கள். தெருவில் ஓடி முடித்த காளை அங்கேயே நிற்கும் என்று எழுதி வைக்கவில்லை. கயிறோடு மெயின் ரோடு வரை வந்துவிடும், பின்னால் இருபது பையன்கள் ஓடி வருவார்கள். அவர்கள் கண் மாட்டின் மேல் இருக்கும், ரோட்டில் இருக்காது. காளைகளை ஏற்றி வந்த மினி லாரிகள் ரோட்டோரத்தில் வரிசையாக நின்றால் அந்த ஊரில் திருவிழா என்று அர்த்தம். இருபதுக்கு இறக்குங்கள். ஏர் ஹாரன் அடிக்கவே அடிக்காதீர்கள், மிரண்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு, கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் திருவண்ணாமலைக்கு என்.எச். 38-இல். பெரும்பாலும் ராத்திரியில் நடப்பார்கள், வெறுங்கால், மொபைலில் பாட்டு. தீபத்தன்று திருவண்ணாமலை வழியாகப் போக வேண்டிய லோடாக இருந்தால் ஒருநாள் தள்ளிவைத்துவிடுங்கள்.

மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமாகுமே?

மிச்சமாகிற டீசல் ஒரு டீக் காசுக்கு வரும். நியூட்ரலில் விட்டால் வண்டியைப் பிடிக்க பிரேக்கைத் தவிர எதுவும் இல்லை. மிதித்து மிதித்து லைனர் சூடேறினால் பிடிப்பு போய்விடும், ஏர் பிரஷரும் குறையும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் தாண்டி மொகிலி இறக்கமும், பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகிற மலைப்பாதையும் அதே ஜாதிதான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர். இறக்கம் தொடங்குமுன் ஒரு முறை நின்று பிரஷர் முள்ளைப் பாருங்கள்.

வழியில் என்ன சாப்பிடுவது? எனக்குச் சுகர் வேறு இருக்கிறது.

ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணி வாசனையை மீறிப் போங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மத்தியானம் ஃபுல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வாணியம்பாடி வருவதற்குள் கண் சொக்கும். பாதி சாப்பிடுங்கள், அரை மணி உட்காருங்கள். காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ கிடைத்தால் அதுபோல வயிற்றுக்கு இதமானது வேறு இல்லை. தண்ணீரைக் குறைத்தால் ஒன்றுக்கு நிறுத்த வேண்டாம் என்று ஒரு கணக்குப் போடுகிறோம், அந்தக் கணக்கு சிறுநீரகக் கல்லில் போய் முடியும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இதை மட்டும் விடாதீர்கள்: மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சுங்கச்சாவடி வரிசையில் மாட்டியிருக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, பசி பிசைந்து, தலை கிறுகிறுத்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். வண்டியை ஓரம்கட்டி, மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். தெளிந்தபின் ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழித்தே ஓட்டுங்கள். அதற்காக ஆற்காட்டில் மக்கன் பேடா டப்பா வாங்கி டாஷ்போர்டில் வைக்காதீர்கள், அது சுகர் இறங்குமுன்பே காலியாகிவிடும். சர்க்கரைப் பொட்டலம்தான் சரி.

சளிக்கு மாத்திரை போட்டு ஓட்டலாமா?

சளி, இருமல், அலர்ஜிக்கான மாத்திரைகளும் சிரப்புகளும் பலவும் தூக்கம் வர வைக்கும். மருந்துக் கடையில் "நான் டிரைவர், ராத்திரி ஓட்டணும்" என்று சொல்லி வாங்குங்கள்.

ராத்திரி ஒரு குவார்ட்டர், காலையில் வண்டி. தெளிந்துதானே இருக்கிறேன்?

தெளிந்ததுபோல இருக்கும். ஒரு குவார்ட்டர் ரத்தத்திலிருந்து முழுசாக இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். காபியும் மோரும் குளியலும் அதை வேகப்படுத்தாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திருவள்ளுவர் தினத்துக்குக் கடை மூடல் என்று முன்தினமே வாங்கிவைத்து, இரட்டிப்பாகக் குடித்துவிட்டு, காணும் பொங்கல் காலையில் லோடு எடுக்க வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திட்டினார்கள்.

தீபாவளிக்கு பார்சலோடு பட்டாசுப் பெட்டியும் ஏற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றாதீர்கள். பட்டாசு வெடிபொருள் விதிகளுக்குள் வருகிற சரக்கு, சாதாரண பார்சலோடு கலக்கக் கூடாது. "ரெண்டே ரெண்டு பெட்டிதான்" என்பார்கள். மாட்டினால் அந்த இரண்டு பெட்டியும் உங்கள் பெயரில்தான் இருக்கும். தீபாவளி ராத்திரி வைக்கோல், பஞ்சு, அட்டை லோடு இருந்தால் தெருவோரத்தில் நிறுத்தாதீர்கள், ராக்கெட் தார்ப்பாய்மேல்தான் வந்து விழும்.

விபத்து நடந்துவிட்டால் ஓடிவிடுவதுதான் நல்லது என்கிறார்களே?

இல்லை. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது டிரைவர்மேல் சட்டம் வைத்த கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நின்றுதான் ஆக வேண்டும் என்று அதே சட்டம் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு கும்பலின் ஆத்திரத்தை விதிவிலக்காகவே சொல்கிறது. அப்படியானால் 108-க்குப் போன் செய்துவிட்டு, நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் நீங்கள் தப்பி ஓடியவர் இல்லை.

அடிபட்டவருக்குக் கையில் காசு இல்லையே என்று யோசிக்காதீர்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம், 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பொருந்தும். எந்த மருத்துவமனை என்பதை 108-காரர்களிடம் விட்டுவிடுங்கள். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரமாகவே சி.எம்.சி.யின் விபத்துச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

கோடை விடுமுறையில் கேபினுக்குள் உட்காரவே முடியவில்லை.

வெயிலூர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டிக்காரர்கள் பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் ஒதுங்குவதுதான் வழி. மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் ஈரத்துணி சுற்றி, 108.

வீட்டுக்காரர் பொங்கலன்று வண்டியில் இருப்பார். அடிக்கடி போன் பண்ணலாமா? (டிரைவர் வீட்டு அம்மா ஒருவர் கேட்டது)

அவர் ஓட்டுகிற நேரத்தில் பண்ணாதீங்கம்மா. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஊர்ப் பேரை மட்டும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள்: "வாலாஜா", "பள்ளிகொண்டா", அவ்வளவுதான். அதைப் பார்த்து நீங்கள் கூப்பிடலாம். அப்போதும் "பொங்கல் பொங்கப்போகுது, எங்க இருக்கீங்க, பசங்க அழுவுது" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு வண்டி வேகம் பத்து கிலோமீட்டர் ஏறும், எனக்கு ஏறியிருக்கிறது.

மாதனூர் சம்பவத்துக்கு அடுத்த வருஷம் என் வீட்டில் கரும்பை நிலைப்படியில் சாய்த்துவைத்துவிட்டு, நான் வந்து குளிக்கிற வரை அடுப்பையே மூட்டவில்லை. பானை பொங்கும்போது சாயங்காலம் நாலு மணி. எதிர்வீட்டு ஆயா வந்து, "இன்னாடி, இந்நேரத்துல?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.